முட்டையிடாத ஈயை எங்களுக்குக் காட்டிய அம்மையாருக்கு

மற்றவர் மூக்கைப் பொத்தி விலகிய இடங்களில் முழங்காலிட்டு அமர்ந்து, முப்பத்தோராண்டுகள் முகம் சுளிக்காமல் இறைச்சி ஈயை ஆராய்ந்த எங்கள் துறைத்தலைவி அம்மையீர்! வாயிற்காவலர் விளையாட்டாய் வைத்த 'ஈயம்மா' என்னும் பெயரை விருதுபோல் ஏற்றுச் சிரித்த பெருந்தகையீர்! வணக்கம்.

ஈ என்றால் பூச்சி. ஈ என்றால் கொடு. இரண்டு பொருளுக்கும் தாங்களே உரியவர் என்று நாங்கள் உணர்ந்த நிகழ்ச்சியைச் சொல்லாமல் தங்களைப் பணி ஓய்வுக்கு அனுப்ப மனம் வரவில்லை.

ஏழாண்டுகளுக்கு முன், மருத்துவமனை ஒன்றில் ஒரு முதியவரின் கால்புண் கட்டுக்குள் மாலை வேளையில் புழுக்கள் காணப்பட்டன. காலையில்தான் கட்டு மாற்றியதாகச் செவிலி சொன்னார். பதிவேடும் அதையே சொன்னது. "முட்டை பொரிஞ்சு புழுவாகவே ஒரு நாள் ஆகுமே! மாத்தாமலே மாத்தினதா எழுதியிருக்கீங்க" என்று விசாரணை அதிகாரி அவரைப் பணியிடைநீக்கம் செய்தார். புழுக்கள் ஒரு சிறு குப்பியில் நம் ஆய்வகம் வந்தன.

பார்த்ததுமே தங்களுக்கு ஏதோ பிடிபட்டது. புழுக்களை ஈரல் துண்டில் விட்டு வளர்க்கத் தொடங்கினீர்கள். செவிலியின் கணவரோ நாள் தவறாமல் வந்து நின்றார்.

"உங்களுக்குத் தெரியும்னு சொல்றாங்க. ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா. அவ சோறு தண்ணி இல்லாம கிடக்குறா."

"இப்ப சொன்னா அது என் ஊகம்ப்பா. ஒரே கேள்வியில உடைச்சிடுவாங்க. ஈ வெளிய வரட்டும். நானே வந்து சொல்றேன்."

கல்நெஞ்சம் என்று நாங்கள் முணுமுணுத்தோம். அதற்கு இன்று, இந்த அவையில், மன்னிப்புக் கோருகிறோம்.

பதினாறாம் நாள் கூடுடைத்து ஈக்கள் வந்தன. இன்ன இனம் என்று காட்டிக்கொடுக்கும் ஆண் ஈயின் வயிற்று நுனியை நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதேதான்" என்று மட்டும் சொன்னீர்கள்.

விசாரணை அறைக்குத் தாங்களே வந்தீர்கள். நம் வளர்ப்பிலிருந்த அதே இனத்துச் சூல்கொண்ட பெண் ஈ ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் கொண்டுவந்து, ஒரு துண்டு இறைச்சியை உள்ளே தள்ளினீர்கள். அது வந்து அமர்ந்தது. அம்மம்மா, அந்தக் காட்சி! ஒரு முட்டைகூட இல்லை. உயிருள்ள வெண்புழுக்கள் ஒவ்வொன்றாய் இறங்கி, நெளிந்து, இறைச்சிக்குள் புகுந்தன! தாய்வயிற்றிலேயே பொரிந்து, பசியோடு பிறந்த பிள்ளைகள்! அறையில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. பெட்டிக்குள் மட்டுமே ஆடியது.

"இது குட்டியாவே போடும்ங்க. மத்தியானம் உக்காந்திருந்தா, சாயங்காலம் புழு இருக்கும். இந்தப் பொண்ணு பொய் சொல்லல" என்றீர்கள்.

"இந்த ஈ நம்ம ஊர்ல இருக்கா?" என்று அதிகாரி விடாமல் கேட்டார்.

தாங்கள் வரைபடத்தை விரித்தீர்கள். கழிமுகத்திலிருந்து மலையடிவாரம்வரை, சந்தை, ரயில்நிலையம், குப்பைமேடு என்று தாங்கள் நடந்தே குறித்த நானூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள்! "உங்க ஆஸ்பத்திரி சமையலறைக்குப் பின்னாடியே ஆறு தடவ பிடிச்சிருக்கேன் சார்."

மறுநாளே செவிலி பணிக்குத் திரும்பினார். தாங்களோ, ஒன்றுமே நடவாததுபோல், எங்கள் அறிக்கைகளில் எழுத்துப்பிழை திருத்திக்கொண்டிருந்தீர்கள். நாங்கள்தான் வேலை ஓடாமல், நகத்தளவு உயிரொன்றுக்குள் இத்தனை ஏற்பாடா என்று வியந்து அமர்ந்திருந்தோம்.

போன வாரம், ஓய்வுக்குப் பின் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டோம். "ஆண் ஈ எல்லாம் குன்று உச்சிக்குப் போய், பெண் ஈ வரும்னு வெயில்ல காத்துக் கிடக்குதே, அந்த உச்சிதான்னு அதுக்கு யார் சொன்னது? இன்னும் எனக்குத் தெரியல. ஏறிப் பாக்கணும்" என்றீர்கள்.

அம்மையீர்! குன்றேறும் வலிமை தங்கள் முழங்கால்களுக்கும், ஏறியபின் நுணுகிக் காணும் ஒளி தங்கள் கண்களுக்கும், பல்லாண்டு குறையாதிருக்க நெஞ்சார வாழ்த்துகிறோம். விடை கிடைத்த அன்று, எந்த நேரமானாலும், முதலில் எங்களுக்குச் சொல்லுங்கள்.

பேரன்புடன்,
பூச்சியியல் ஆய்வகப் பணியாளர்கள்