கசக்காத சொட்டு

தோட்ட வேலையில் எனக்குப் பிடிக்காதது கவாத்து ஒன்றுதான், டாக்டர். நன்றாக வளரும் கிளையை வெட்டக் கை வராது. அதையெல்லாம் அக்கா பார்த்துக்கொள்வாள். நான் தண்ணீர் ஊற்றுவேன், சருகு பொறுக்குவேன்.

வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். அக்கா ஓவியம் வரைகிறவள். நான் நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறவன். மாலையில் அவள் ஜன்னலோரம் வரைய, நான் பழைய பேரரசுகளின் வரலாற்றை வாசித்துக் காட்டுவேன். பிறகு இசைத்தட்டு போடுவோம். எந்த அரசன் வீழ்ந்தாலும் அவள் சொல்வது ஒன்றுதான்: "பாவம்டா, பக்கத்துல இருந்தவனையே நம்பிக் கெட்டான்."

அக்காவுக்குக் கண்ணில் அழுத்தம் என்று கண்டுபிடித்தவர் நீங்கள். தினமும் சொட்டு விட வேண்டும், போன பார்வை திரும்பாது என்று எங்கள் இருவரிடமும் சொன்னீர்கள். அவளே விட்டுக்கொண்டால் பாதி கன்னத்தில் வழியும். அதனால் அது என் வேலையானது.

அப்புறம்தான் தூரத்து ஊர் ஓவியக் கல்லூரியிலிருந்து அவளை ஆசிரியராகக் கூப்பிட்டார்கள். வீடெல்லாம் பாடிக்கொண்டே சுற்றினாள்.

"நீ ஏன்டா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே? லீவுக்கு வருவேன்ல. செடியக் காயப் போட்டுடாத, அது போதும்."

நான் வாழ்த்துச் சொன்னேன். மறுநாள் சொட்டுக் குப்பியைக் கழுவி, கொதித்து ஆறிய உப்புநீரை நிரப்பினேன். கண் உறுத்தாத அளவு உப்புதான். அதில் கவனமாக இருந்தேன். கொஞ்சம் மங்கினால் பயணம் தள்ளிப்போகும், பிறகு பழையபடி நிஜ மருந்தையே கண்ணில் விடலாம் என்று நினைத்தேன்.

கண்ணில் விட்டாலும் உங்கள் மருந்து தொண்டையில் கசப்பாக இறங்கும். அதை நான் மறந்துவிட்டேன். அக்கா மறக்கவில்லை.

"இப்பல்லாம் கசக்கவே இல்லையேடா."

"கம்பெனி மாத்திட்டாங்கக்கா. இது புதுசு."

"அப்பாடா. எந்தப் புண்ணியவான் கண்டுபிடிச்சானோ, நல்லா இருக்கட்டும்."

கண்ணை மூடியபடி சிரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கூச்சத்தோடுதான் குப்பியின் மூடியைத் திருகி வைத்தேன்.

விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்றாள். பல்பு பழசு என்று மாற்றிப் போட்டேன். ஒருநாள் அவள் வரைந்த தோட்டத்தில் செடிகளெல்லாம் நடுவில் நெருங்கி நின்றன. சுற்றிலும் கேன்வாஸ் வெறுமையாக இருந்தது.

"ஓரத்த ஏன்கா விட்டுட்டே?"

"எங்கடா விட்டேன்? முழுசாத்தானே வரைஞ்சிருக்கேன்."

நன்றாக இருக்கிறது என்று சொல்லி ஆணியில் மாட்டினேன். இன்னும் கூடத்தில்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் தலை நிமிர்த்தி நடப்பதில்லை.

கண் சரியில்லை, கல்லூரிக்கு வரவில்லை என்று அவளே சொல்லிவிட்டாள். அத்துடன் நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் மாலைகள் நன்றாக இருந்தன. கையில் தூரிகை இல்லாததால் வாசிப்பதை முழுதாகக் கேட்டாள். என்ன பூத்திருக்கிறது என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். கவாத்தும் நானே செய்யக் கற்றுக்கொண்டேன். பழகினால் கை வந்துவிடுகிறது.

வலது கண் போய்விட்டது. இடது கண்ணுக்கும் மருந்து பலிக்கவில்லை, கத்தி வைத்தாக வேண்டும் என்று சற்று முன் சொன்னீர்கள். மருந்து பலிக்காமல் இல்லை, டாக்டர். அந்தக் கண்ணுக்குள் அது போகவே இல்லை. இதைச் சொல்லத்தான் அவளை வெளியே உட்காரவைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

மெல்லிய கதவு. அவள் நர்ஸம்மாவிடம் பேசுவது உங்களுக்கும் கேட்கிறதல்லவா? "என் தம்பி மாதிரி ஒருத்தன் யாருக்கும் வாய்க்க மாட்டான்மா."

போலீஸுக்குச் சொல்வதென்றால் சொல்லுங்கள். நான் எங்கும் போகமாட்டேன். இடது கண்ணைக் காப்பாற்றுங்கள்; நிஜ மருந்தை இன்றிலிருந்தே ஒழுங்காக விடுகிறேன். அக்காவிடம் மட்டும் சொல்ல வேண்டாம். தெரிந்தால் என்னைக் கிட்டவே சேர்க்கமாட்டாள். அப்புறம் அவளுக்குச் சொட்டு விட, என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?