தொட்டது யார் என்று தசரதன் கேட்ட வெள்ளிக்கிழமை

மேடையில் இருக்கும் நிறுவன நிர்வாகிகளே, துணை மேலாளர் விஜயராஜ் அவர்களே, வேலூரிலிருந்து அலுவலக வேனில் வந்து இறங்கிய தோழர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் திறந்துவிட்ட ஒடுகத்தூர்ப் பெரியோர்களே, முன் வரிசையில் மகள் பிரியதர்ஷினியின் கையைப் பிடித்தபடி அமர்ந்திருக்கும் நதியா அக்கா அவர்களே, வணக்கம்.

என் பெயர் வெண்ணிலா. கண்ணமங்கலத்துக்காரி. நம்மை விட்டுப் போன முதுநிலைப் பொறியாளர் தசரதன் அவர்களுக்கு அடுத்த இருக்கையில் ஆறு வருடம் வேலை பார்த்தவள். இப்போது அந்தக் குழுவுக்கு நான்தான் தலைவி. எப்படித் தலைவி ஆனேன் என்பதையும் சேர்த்துத்தான் பேசப்போகிறேன்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரை நிறுவனத்தின் தூண் என்றார்கள். பின்னால் கட்டியிருக்கிற பேனரிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. பதினோரு மாதத்துக்கு முன்னால் அந்தத் தூணைப் பிடுங்கித் தொலைபேசி எடுக்கிற மூலையில் வைத்தவர்கள் யார்? பதினான்கு வருட அனுபவம் உள்ள மனிதரை, ‘பாஸ்வேர்டு மறந்துட்டேங்க’ என்று கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்ல வைத்தவர்கள் யார்? பேனர் அடிக்கத் தெரிந்தவர்களுக்கு இதற்கும் பதில் தெரியும்.

முந்தாநாள் துக்கம் விசாரிக்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். நதியா அக்கா என் கையில் டீயைக் கொடுத்துவிட்டுக் கேட்டார்கள். “அவரு இன்னாதாம்மா தப்பு பண்ணாரு? கேட்டா, ‘நான் தப்பு பண்ணல நதியா’ன்னு அதையே சொல்லுவாரு. கையில மெமோ குடுத்துகிறாங்க, நான் எப்டி நம்புறது? நம்பலம்மா. கடைசி வரைக்கும் நம்பல.”

நான் டீயைக் குடித்தேன். ‘போய்ட்டு வர்றேங்க்கா’ என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அந்த வீட்டில் சொல்லத் துணியாததை இத்தனை பேர் முன்னால் சொல்லத்தான் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

ஊர்க்காரர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். மலைமேல் இருக்கிற சின்ன மருத்துவ மையங்கள் என்ன மருந்து வேண்டும் என்று கேட்கின்றன. அந்தக் கேள்வியை மருந்து அனுப்புகிறவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் மென்பொருள். கேட்பது எக்ஸ்எம்எல் என்ற வடிவத்தில் வரும். அதில் எது எங்கே இருக்க வேண்டும் என்று எழுதி வைத்த கோப்புக்கு ஸ்கீமா என்று பெயர். அந்த ஸ்கீமாவைப் படித்து ஜாவா நிரலைக் கணினியே எழுதித் தந்துவிடும். செங்கல் அச்சு மாதிரி. கல்லில் குறை இருந்தால் அச்சைத் திருத்த வேண்டும், ஒவ்வொரு கல்லாக எடுத்துச் செதுக்கிக்கொண்டு உட்காரக் கூடாது.

நாங்கள் செதுக்கிக்கொண்டுதான் இருந்தோம். யாரோ ஒருவர் எப்போதோ தன் லேப்டாப்பில் நிரலை உருவாக்கி, எங்கள் சொந்த நிரலோடு சேர்த்து வைத்துவிட்டார். தொள்ளாயிரம் கோப்புகள். அவசரம் வந்தால் ஆளாளுக்கு அதைத் திறந்து கையால் மாற்றினோம். ஸ்கீமா ஒன்று சொல்லும், நிரல் வேறொன்று செய்யும். இதைக் கண்டு கொதித்த ஒரே மனிதர் தசரதன். மூன்று வருடம் ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னார். மூன்று வருடமும் நாங்கள் சமோசா தின்றோம்.

கடைசியில் அவரே உட்கார்ந்து, மென்பொருளைக் கட்டி எழுப்புகிற பில்ட் அமைப்பை மாற்றி எழுதினார். இனி ஒவ்வொரு முறை மென்பொருளைக் கட்டும்போதும் ஸ்கீமாவிலிருந்து நிரல் புதிதாகப் பிறக்கும். தற்காலிகக் கோப்புறையில் போய் விழும். யார் கையால் தொட்டாலும் அடுத்த முறை அந்த மாற்றம் நிற்காது. பழைய தொள்ளாயிரம் கோப்புகளையும் அழித்துவிடலாம். சரியான வேலை. உலகத்தில் எந்தப் பொறியாளரைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வார்.

ஆனால் அழிப்பதற்கு முன்னால், யார் எங்கே கை வைத்திருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் அது உருவான தேதியும் நேரமும் இருக்கும். போதாததற்கு, நிரலை எழுதித் தருகிற கருவியும் புதிய பதிப்பு. தொள்ளாயிரமும் மாறியதாகவே காட்டியது, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து முடிகிற வேலை இல்லை. அதனால் அவர் மனிதர்களை நம்பினார். ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், இருக்கை இருக்கையாக வந்து கேட்டார். “யாராச்சும் கையால தொட்டுகிறீங்களா? இருந்தா சொல்லுங்க, திட்ட மாட்டேன். ஸ்கீமாவுல ஒரு வரி போட்டுக்கலாம்.”

என்னிடமும் வந்தார். நான் “இல்லீங்க சார்” என்றேன்.

பொய். நான் தொட்டிருந்தேன். சில மையங்கள் மாத்திரை எண்ணிக்கையை மட்டும் அனுப்பும், டப்பாவா அட்டையா என்று எழுதாது. கணினி அதை அட்டை என்று எடுத்துக்கொள்ளும். எழுதாவிட்டால் டப்பா என்று எடுத்துக்கொள்ளும்படி ஒரு கோப்பில் கையால் இரண்டு வரி சேர்த்திருந்தேன். அதை ஒரே நாளில் முடித்ததற்காக என்னைப் பாராட்டியிருந்தார்கள். திங்கட்கிழமை குழுத் தலைமையை அறிவிக்க இருந்தார்கள். வெள்ளிக்கிழமை போய் யாராவது தன் குறையைச் சொல்வார்களா? நான் சொல்லவில்லை.

அவர் என் வார்த்தையை நம்பி அழித்தார். என் இரண்டு வரியும் அதோடு போனது. அடுத்த வாரம் மலைமேலிருந்து ஒரு நர்ஸ் அம்மா கூப்பிட்டார்கள். “நாப்பது டப்பா கேட்டா நாப்பது அட்டை அனுப்பிகிறீங்களே, இன்னாங்க இது? பிரஷர் மாத்திரைக்கு வந்து நிக்கிறவங்களுக்கு நான் இன்னா சொல்றது?” மலைக்கு வண்டி பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான். தசரதன் வேலூரில் மாத்திரைகளை வாங்கி, தன் பைக்கில் கட்டிக்கொண்டு, மூன்று நாள் அமிர்தி வழியாக மலை ஏறி இறங்கினார். அந்த மூன்று நாளும் விடுப்பாகக் கழிக்கப்பட்டது, தோழர்களே. அலுவலக வேலைக்காக மலை ஏறியவருக்குச் சொந்த விடுப்பு.

திரும்பி வந்தவர், அந்தக் கோப்பை யார் எப்போது மாற்றினார்கள் என்று கணினி குறித்து வைத்திருக்கிற வரலாற்றைத் தோண்டி எடுத்தார். அந்த இரண்டு வரிக்குப் பக்கத்தில் என் பெயர் இருந்தது. என் இருக்கைக்கு வந்து நின்றார். “கேட்டனேம்மா” என்றார். அவ்வளவுதான்.

அவர் மௌனமாகப் பழியை ஏற்றுக்கொண்ட தியாகி என்று நினைக்காதீர்கள். அவர் போராடினார். வரலாற்றை அச்செடுத்து, இரண்டு பக்க விளக்கத்தோடு விஜயராஜ் அவர்களின் மேசையில் வைத்தார். விஜயராஜ் அவர்கள் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். நான் “நினைவில்லை சார்” என்றேன். என் பெயர் எதிரில் அச்சடித்துக் கிடக்கிறது, எனக்கு நினைவில்லையாம். அவர் அந்தத் தாளைத் திருப்பி வைத்துவிட்டு, “வாடிக்கையாளரிடம் தசரதன் பெயரைச் சொல்லியாகிவிட்டது, இனி மாற்ற முடியாது” என்றார். தசரதன் தன்னிச்சையாகச் செய்த மாற்றமே காரணம் என்று அறிக்கை போனது. எனக்குத் தலைமை நிலைத்தது. அவருக்குத் தொலைபேசி மூலை கிடைத்தது.

ஒன்று தெரியுமா உங்களுக்கு? அவர் அமைத்த பில்ட் இன்றைக்கும் ஓடுகிறது. மனிதர் தப்பு, அமைப்பு மட்டும் சரியாம். மூலைக்குப் போவதற்கு முந்தின நாள், ஸ்கீமாவில் அந்த ஒரு வரியையும் அவரே போட்டுவிட்டுத்தான் போனார். டப்பாவா அட்டையா என்று வராவிட்டால் டப்பா. அதன்பின் ஒரு முறைகூட எண்ணிக்கை தப்பவில்லை. அந்த வரியை வைத்துத்தான் நான் தலைவியாக நல்ல பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் ஒரு நாள் காலையில், வேலூர் பஸ்ஸுக்கு நிற்கும்போது விழுந்தார். மாரடைப்பு. என்னால்தான் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. நாற்பத்து மூன்று வயது மனிதர், தான் செய்யாத தப்போடு பதினோரு மாதம் அந்த பஸ் ஏறினார் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

நதியா அக்கா, அவர் தப்பு பண்ணவில்லை. வீட்டில் உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை. நான்தான் தொட்டேன், நான்தான் இல்லை என்றேன். இதை எழுதிக் கையெழுத்துப் போட்டு, அந்த அச்சுத் தாளோடு வாடிக்கையாளருக்கும் நிர்வாகத்துக்கும் இன்று காலையே அனுப்பிவிட்டேன். ஒரு நகல் உங்களுக்கு. என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க நான் வரவில்லை. பிரியதர்ஷினி பெரியவளாகி அப்பாவைப் பற்றிக் கேட்டால், காட்டுவதற்கு உங்களிடம் ஒரு தாள் இருக்கட்டும் என்றுதான் வந்தேன்.

அவர் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம் என்று இங்கே உறுதிமொழி எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எந்தப் பணியை? தப்பைத் தப்பு என்று சொன்னதுதான் அவர் பணி. அறிக்கையைத் திருத்தி, அவர் பெயரை எடுக்கிற வரைக்கும் அந்த உறுதிமொழியைச் சொல்ல இந்த மேடைக்கு வாய் கிடையாது. எனக்கும் கிடையாது. தலைமைப் பொறுப்பிலிருந்து விலகும் கடிதத்தையும் காலையிலேயே கொடுத்துவிட்டேன்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்து இரண்டு நிமிட மௌனம் என்று இருக்கிறது. விஜயராஜ் சார், நீங்களும் நானும் ஏற்கெனவே பதினோரு மாதம் மௌனமாக இருந்துவிட்டோம். அந்த இரண்டு நிமிடத்தில் நீங்கள் எழுந்து வந்து பேசுங்கள். ஒலிவாங்கியை நான் அணைக்கவில்லை.