பேத்தியை ஏற்றிய பெட்டி சைக்கிள்

"ஹலோ... ஆமா, கேக்குது, சொல்லு... ஆமா ஆமா, போட்டோ வந்துச்சு, பாத்தேன். சைக்கிளுக்கு முன்னால மீன் பெட்டி கணக்கா ஒண்ண மாட்டி, எம் பேத்திய அதுக்குள்ள உக்கார வச்சி ரீனா மிதிக்கா. ஐஸ் ஒண்ணுதான் போடல..."

டெல்பின் துறைமுகச் சாலையில், தன் டிரைவிங் ஸ்கூல் காரில் இருந்தாள். ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தவள் அருணாசலவடிவு. பழக வந்து நாலாவது நாள். அவளை ஓரம் கட்டச் சொல்லிவிட்டு டெல்பின் மகன் மெல்வினிடம் பேச்சைத் தொடர்ந்தாள். நாலு மாதத்துக்கு முன்பு ரோட்டர்டாம் துறைமுகத்தில் வேலை கிடைத்து, மனைவி ரீனாவையும் மகள் லிடியாவையும் கூட்டிக்கொண்டு போனவன் அவன்.

"காரே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டியளா?... யாரு, ஒங்க மேனேஜரும் சைக்கிள்ளதான் வாரானா? அவனுக்கும் வக்கில்லையா... சரி சரி, பழக்கம். மழையிலயும் பழக்கமா?... கோட்டு போட்டுக்கிடுவிய. நல்லாருக்கு... ஏளா வடிவு, நியூட்ரல்ல போட்டுட்டு கால எடு, வண்டி குதிக்கி."

ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் வீட்டுக்கா இந்தக் கதி என்றாள். கல்யாண வீட்டில் பக்கத்து வீட்டு பிலோமினா, உன் மகன் அங்கே என்ன கார் வைத்திருக்கிறான் என்று கேட்டதையும், தான் தும்மல் வந்ததுபோல நடித்து நழுவியதையும் சொன்னாள். எட்டு மாதக் கர்ப்பிணியான ரீனாவைப் பெடல் மிதிக்க விடுகிற ஊரெல்லாம் ஒரு ஊரா என்று கேட்டாள்.

அதற்கு வந்த பதிலில் அவள் முகம் மாறியது.

"விழுந்துட்டாளா? எப்ப?... வயித்துப் புள்ளைக்கு ஒண்ணும் இல்லல்ல?... ஸ்கேன் பாத்தாச்சா... சரி... சரி... டாக்டர் இனி ஓட்டக்கூடாதுன்னுட்டாரா. நான் வாய் வலிக்கச் சொன்னேனே, கேட்டியளா?... நானா? வாரேன், வராம என்ன. சமைக்கணும், லிடியாவப் பாக்கணும், அவ்வளவுதான... ஆமா, நீ விடியுமுன்ன வேலைக்குப் போயிருவ... ஸ்கூலுக்கு நானா? அந்தப் பெட்டி சைக்கிள்லயா?"

கதவைத் திறந்து இறங்கி, வடிவுக்குக் கேட்காத தூரம் நடந்தாள். ஒரு கண்டெய்னர் லாரி கடந்து போனதும் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏலே மெல்வினு... எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாதுலே."

சின்ன வயதில் வீட்டுச் சைக்கிளை அண்ணன்மார் தொடவிட்டதில்லை. மெல்வினின் அப்பா இறந்த பிறகு, முப்பத்திரண்டு வயதில், நேரே கார் ஸ்டீயரிங்கில்தான் கை வைத்தாள். இத்தனை வருஷத்தில் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"சிரி, நல்லா சிரி... முடிச்சிட்டியா?... மூணு சக்கரம் வச்சதும் இருக்கா?... சாயாதா?... சரி, அதுக்கு லைசென்ஸ் எங்கன எடுக்கணும்?... வேண்டாமா? யாரு வேணா ஓட்டலாமா? வெளங்கும்லே அந்த ஊரு... டிக்கெட்ட போடு. ரோட்டுல எப்படிப் போறதுன்னு நான் வந்து அவனுவளுக்குக் காட்டுதேன்."

அவன் பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்தாள்.