அம்மா அறுத்த கயிறுகள்

“படு! கீழே படு!”

கத்தியது நான். மகள் படுக்கவில்லை. தோசைத் திருப்பியோடு நின்று என்னைப் பார்க்கிறாள். நான் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் கிடக்கிறேன். காதுகளைப் பொத்தியிருக்கிறேன். வாயைத் திறந்து வைத்திருக்கிறேன். மூடியிருந்தால் செவிப்பறை கிழியும்.

“வெடிம்மா. வெறும் வெடி.”

தெரியும். இது பூந்தமல்லிப் பக்கம் சென்னீர்குப்பம். தீபாவளி. மாலை ஆறு மணி. மூளைக்குத் தெரியும். முழங்காலுக்குத் தெரியவில்லை.

நான் வன்னியில் பிறந்தவள். போர் முடிந்தபின் கடல் கடந்து வந்தவள். மகள் அபிரா இங்கே பிறந்தாள். பதினான்கு வயது. ஒவ்வொரு தீபாவளிக்கும் அவள்தான் எனக்குக் காவல்.

சத்தங்களை எழுதி வைக்கிறேன். யாராவது மறந்துவிடக் கூடாது. ஷெல் முதலில் தூரத்தில் குத்தும். கதவை யாரோ ஒரேயொரு முறை தட்டியது போல. பிறகு விசில். விசில் கேட்டால் அது தாண்டிப் போகிறது. கேட்காவிட்டால் அது உனக்கு. சரவெடி வேறு. அது மூச்சு விடாது. இங்கே ஒரு வெடிக்கு அணுகுண்டு என்றே பெயர். பிள்ளைகள் கடையில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள்.

அத்தனைக்கும் நடுவில் இன்னொரு சத்தம். கேவல். தொண்டை அடைபட்ட கேவல்.

பக்கத்து வீட்டு நாய் டைகர். அந்த வீட்டு சுந்தரி அக்கா குடும்பம் காலையிலேயே வேப்பம்பட்டுக்கு விருந்துக்குப் போய்விட்டது. நாயை மாடிப்படிக் கம்பியில் நைலான் கயிற்றால் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

அபிரா ஜன்னலைத் திறந்தாள்.

“அம்மா! டைகர் கம்பியைத் தாண்டிக் குதிச்சிடுச்சு. தொங்குதும்மா!”

செருப்பைத் தேடுகிறாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடிக்கிறேன்.

“போகாதே!”

“செத்துடும்மா. கையை விடு!”

விட முடியவில்லை. இப்படி ஒரு கையை நான் முன்பும் பிடித்திருக்கிறேன்.

அது மாசி மாதம். செவ்வாய்க்கிழமை. காலை. எங்கள் தெருவுக்குள்ளேயே ஷெல் விழத் தொடங்கியிருந்தது.

அம்மா பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்தவர். பள்ளிக்கூடம் போனது. தாள் போனது. பென்சிலும் போனது. பதுங்குகுழியின் மண்சுவரில் ஆணியால் கீறினார். எங்கள் சிவலைப் பசு. நாய் ஜிம்மி. இரண்டு ஆடுகள். எங்கேயோ பார்த்த ஒரு கொக்கு. ஷெல் விழும். சுவர் அதிரும். மண் உதிரும். பசுவுக்குத் தலை இருக்காது. அம்மா சத்தம் ஓயும்வரைகூடக் காத்திருக்க மாட்டார். மறுபடி கீறுவார்.

“அவன் அழிக்க அழிக்க நான் கீறுவன். இந்த முறை கொம்பு வடிவா வந்திருக்கு, பார்.”

எங்கள் சனத்துக்கு ஒரு பிழை இருந்தது. பொழுதுபடத் திரும்பிவிடலாம் என்று நினைத்து மாட்டைக் கட்டிவிட்டே ஓடும். யாரும் திரும்பவில்லை. கட்டிய மாடு ஓட முடியாது. தண்ணீருக்கும் போக முடியாது. நின்ற இடத்திலேயே சாகும். அதனால் ஒவ்வொரு முறை இடம்பெயரும்போதும் அம்மா சின்னக் கத்தியோடு வீடு வீடாகப் போவார். கயிற்றை அறுப்பார். முதுகில் ஒரு தட்டு. அடுத்த வீடு.

அன்றும் அப்படித்தான். எங்களுடையவற்றை முதலில் அவிழ்த்துவிட்டார். அவை ஓடிப் போயின. தெருவின் கடைசி வீட்டில் ஒரு வெள்ளைப் பசு. யாருடையதோ.

“விட்டிட்டு வாங்கோ அம்மா! ஷெல் குத்துறான்! குத்துறான்!”

கையைப் பிடித்தேன். உதறினார்.

“நீ ஓடு. இது கட்டிக்கிடக்கு.”

கொட்டிலுக்குள் போனார். பசு வெளியே ஓடி வந்தது. கழுத்தில் அறுந்த கயிறு ஆடியது. அதன் பின்னால் அம்மா வர வேண்டும்.

விசில் கேட்கவில்லை.

கொட்டில் இருந்த இடத்தில் புகை இருந்தது. யாரோ என்னை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். அம்மாவைப் புதைக்க விடவில்லை.

எழுந்தேன். மகளின் கையை விடாமலே எழுந்தேன்.

“நீ நில். நான் போறன்.”

காய் நறுக்கும் கத்தியை எடுத்தேன்.

தெருவெல்லாம் புகை. நடுவில் தெருப் பையன்கள் நீளமாகச் சரவெடி விரித்திருக்கிறார்கள். திரி எரிகிறது.

“அக்கா! கொளுத்தியாச்சு! அப்பால போ! அப்பால போக்கா!”

நிற்கவில்லை.

“டேய் மாமே, அக்கா கத்திய தூக்கிகினு வருதுடா! நீ இன்னாடா பண்ண?”

“நான் இன்னாடா பண்ணேன்? உன்னத்தான் தேடுது!”

சிரிக்கிறார்கள். வெடிக்கத் தொடங்கியது. உடல் படு என்றது. முழங்கால் மடிந்து தார்ச்சாலையில் இடித்தது. கையை ஊன்றினேன். எழுந்தேன். நடந்தேன். படுக்க மாட்டேன்.

டைகர் கம்பிக்கு வெளியே தொங்குகிறது. பின்னங்கால் நகங்கள் மட்டும் கீழே ஒரு படியின் விளிம்பைத் தொடுகின்றன. நாக்கு நீலம். நைலான் லேசில் அறுபடாது. நடுங்கும் கை ரம்பம் போல அறுக்கும் என்று அன்று கண்டுகொண்டேன். ஒரு புரி. இன்னொரு புரி. கயிறு விட்டது.

டைகர் விழுந்தது. அசையாமல் கிடந்தது. பிறகு இருமியது. எழுந்தது. ஓடியது. முதுகில் தட்டக்கூட நேரம் தரவில்லை.

சுந்தரி அக்கா திரும்பியபோது நான் அவர் வீட்டுப் படியில்தான் உட்கார்ந்திருந்தேன். இந்தத் தெரு முழுக்க ஒரு காலத்தில் அவர் மாமனாரின் நெல்வயல். குரலில் அந்த உரிமை இருக்கும்.

“என் ஊட்டு நாய அறுத்துவுட நீ யாரும்மா? எங்க கீதோ, வண்டில கிண்டில மாட்டிக்கிச்சோ!”

இத்தனை வருடமாக நான் இந்த ஊர்ப் பேச்சுக்குள் ஒளிந்து வாழ்கிறேன். எங்கிருந்து வந்தாய் என்று கேட்டுவிடுவார்களே என்று. அன்று ஒளியவில்லை.

“கட்டிப்போட்டிட்டுப் போனது நீங்கள். கழுத்து இறுகிச் சாகக் கிடந்தது. திரும்பவும் கட்டினால் திரும்பவும் அறுப்பன்.”

என் கையில் கத்தியைப் பார்த்தார். முழங்கால் ரத்தத்தைப் பார்த்தார். கம்பியில் மிஞ்சியிருந்த முடிச்சைப் பார்த்தார்.

“வெவகாரம் புடிச்ச பொம்பளம்மா நீ,” என்றார். உள்ளே போகத் திரும்பினார். “மஞ்சத்தூள் வச்சுக்கோ கால்ல.”

விடிந்ததும் அபிரா கதவைத் திறந்தாள். எங்கள் கால்மிதியில் டைகர். சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

அன்று எங்கள் வீட்டு வெளிச்சுவரில் கரியால் ஒரு வெள்ளைப் பசுவைக் கீறினேன். கழுத்தில் அறுந்த கயிறு. எனக்கு அம்மாவின் கை இல்லை. கொம்பு கோணல். ஐப்பசி மழை அதை அழிக்கும். அழிக்கட்டும். மறுபடி கீறுவேன்.

கணக்கு இது.

அந்தச் செவ்வாய்க்கிழமை இழந்தவை: என் அம்மா தங்கேஸ்வரி. சிவலைப் பசு. ஜிம்மி. இரண்டு ஆடுகள். பதுங்குகுழிச் சுவரில் இருந்த அத்தனை படங்களும். அம்மாவின் முகம் உள்ள புகைப்படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கல்லறை இல்லை.

இந்தத் தீபாவளியில் இழந்தது: ஒரு நைலான் கயிறு.