ஊமைத் தாயின் பிள்ளைகள்

எழுதியதையே திரும்ப எழுதுவது எனக்குப் பிடிக்காது. என் மனைவி அதைச் சோம்பேறித்தனம் என்பாள். எங்கள் தொழிலில் அதற்குத் திறமை என்று பெயர்.

மருத்துவமனைகளில் நோயாளியின் உடம்புக்குள் மருந்தைச் சொட்டுச் சொட்டாக அனுப்பும் பம்புக்கு நான்தான் புரோகிராம் எழுதினேன். குழாயில் காற்றுக் குமிழ் வந்தால், அது ரத்தத்தில் கலந்து உயிரைக் குடிக்கும் முன் பம்பு நின்று அலற வேண்டும். ஆனால் ஷோரூமில் நோயாளி கிடையாது. வெறுங்குழாயை மாட்டி ஓட்டிக் காட்டுவார்கள். அங்கே அலறினால் வியாபாரம் படுத்துவிடும். அதனால் இரண்டு தாய் கிளாஸ்கள், அதாவது மற்ற புரோகிராம்கள் குணத்தை வாங்கிக்கொள்ளும் மூலங்கள், எழுதினேன். ஒருத்தி காவல்காரி, காற்றைக் கண்டால் ஊரைக் கூட்டுவாள். இன்னொருத்தி ஊமை. பம்பின் கிளாஸை டெம்ப்ளேட்டாக எழுதி, தாயின் இடத்தை மட்டும் காலியாக விட்டேன். கம்பைல் செய்யும்போது, அதாவது எழுதியதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றும்போது, அங்கே எவள் பெயரைப் போடுகிறோமோ, அவளுக்குப் பம்பு பிறக்கும். தாயைப் போல பிள்ளை. பிறந்த பிறகு தாயை மாற்ற முடியாது. அழகான ஏற்பாடு, இன்றும் சொல்வேன்.

ஒரு பெரிய மருத்துவமனை, பம்புகள் ஓயாமல் கத்துவதாகப் புகார் செய்தது. உண்மைதான். காவல்காரி கொஞ்சம் பயந்தாங்கொள்ளி, இல்லாத குமிழுக்கும் கத்துவாள். அவளைத் திருத்த மாதக்கணக்கில் ஆகும். மேலாளர் என் மேஜைக்கு வந்தார்.

"என்ன பண்ணுவியோ தெரியாது, அடுத்த லோடு கத்தக் கூடாது."

ஒரு வார்த்தையை மாற்றினேன். அந்த லோடு முழுவதும் ஊமைக்குப் பிறந்தது.

எங்கள் பரிசோதகரைச் சல்லடை என்போம். அவளிடமிருந்து எதுவும் தப்பாது. அவள் வந்து நின்றாள்.

"அண்ணே, குழாய்ல காத்து போகுது, மெஷின் கம்முனு இருக்கே. இது ஷோரூமுக்குப் பண்ணதா?"

"ரொம்பக் களைச்சுப் போயிட்டம்மா நீ," என்றேன். மேலாளரிடம் பேசி, கையேடு எழுதும் பிரிவுக்கு அவளை மாற்றினேன். அக்கறைதான்.

புகார்கள் நின்றன. மருத்துவமனையிலிருந்து பாராட்டுகூட வந்தது. நோயாளிகள் இப்போது நிம்மதியாகத் தூங்குகிறார்களாம்.

அவர்களில் மூன்று பேர் எழுந்திருக்கவில்லை.

விசாரணைக் குழு புரோகிராமைக் கேட்டது. காவல்காரியின் பெயரைப் போட்டு மறுபடி கம்பைல் செய்து, ஒரு பம்பில் ஏற்றிக் கொடுத்தேன். அவர்கள் முன்னால் அது பிரமாதமாக அலறியது. சத்தம் கேட்டும் போய்ப் பார்க்கவில்லை என்று வார்டு நர்ஸை வேலையிலிருந்து நீக்கினார்கள். மற்ற பம்புகளைத் திரும்ப வாங்கச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அவை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.

சல்லடை அந்த வார்டுக்கே போய் ஒரு பம்பைத் தூக்கிவந்து, எல்லோர் முன்னாலும் குழாயில் காற்றை விட்டுக் காட்டியதால்தான் இப்போது வாக்குமூலம் கொடுக்க உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆமாம், ஊமையைப் போட்டது நான். தெரிந்தேதான் போட்டேன். மறைத்ததும் நானே. ஆனால் கல்நெஞ்சக்காரன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வேலை போன அன்று அந்த நர்ஸம்மா விசாரணை அறைக்கு வெளியே அழுதுகொண்டிருந்தார். எல்லோரும் அவரைத் தாண்டிப் போனார்கள். நான் ஒருவன்தான் நின்று தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன்.

"சத்தியமா அது கத்தவே இல்லைங்க. நீங்களாவது நம்புறீங்களா?" என்று கேட்டார்.

"நம்புறேம்மா," என்றேன். அந்த நிலையில் இருப்பவரிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.