கேசட்டில் பதிந்த வாக்கியம்

தாய்மை என்பது மருந்தே தேவைப்படாத தெய்வ நிலை. பேட்டை கோயில் கொடை விழாப் பட்டிமன்றத்தில் இதை நான் சொன்னபோது கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அதில் பாதி, அதே சமயம் பின்வரிசைக்குச் சுண்டல் வந்துசேர்ந்ததற்காக இருக்கலாம். மேடையில் அதையெல்லாம் பிரித்துப் பார்ப்பதில்லை. வந்த கைதட்டலை வாங்கிக்கொள்ள வேண்டும்.

எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். பெயர் முத்துசுப்பிரமணியன், ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர். ‘சொற்கொண்டல்’ என்ற பட்டத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். கொடுத்தது வண்ணார்பேட்டையில் ஒரு பாத்திரக் கடை என்றாலும் பட்டம் பட்டம்தான். உங்கள் ஏட்டையாவுக்காக நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன். அவர் என் பேச்சை இவ்வளவு கவனமாகக் கேட்பது இதுவே முதல் தடவை.

அன்றைய தலைப்பு, ‘பிள்ளைக்கும் பெற்றவளுக்கும் பெருந்துணை மாத்திரையா, மனத்திடமா?’ துறுதுறுவென்று ஓடும் பையனுக்கு மாத்திரை, பிள்ளை பெற்று அழும் பெண்ணுக்கு மாத்திரை என்று ஊரில் புதிதாகப் பேச்சு கிளம்பியிருந்த நேரம். நான் மனத்திடத்தின் அணித் தலைவர். பேச்சின் உச்சத்தில் கையை உயர்த்தி, “என் வீட்டு வாசற்படியை ஒரு நரம்பு மாத்திரை தாண்டியதில்லை” என்றேன். கூட்டம் எழுந்து நின்றது. வண்ணார்பேட்டையிலிருந்து வந்த ஒரு பெண், தன் மகனின் மாத்திரைகளைப் போகும் வழியிலேயே சாக்கடையில் போட்டுவிடுவதாகச் சொல்லிக் காலில் விழுந்தாள். ஆசீர்வதித்தேன். பையன் என்ன ஆனான் என்று கேட்கிறீர்கள். நான் விசாரிக்கவில்லை. காலில் விழுந்தவர்களை எல்லாம் வீடு தேடிப் போய் விசாரிக்க முடியாது.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி பார்வதி சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

“ஏன்னா, நம்மாத்து அலமாரியிலேயே ஜயாவோட மாத்திரை இருக்கு. மைக்கில போய் இப்படிச் சொல்லிட்டேளே?”

“அது ஒரு வேகத்தில் வந்த வாக்கியம்.”

“வேகத்தில வந்தா பொய் நிஜமாயிடுமா? மோர் விடட்டுமா?”

ஜயா என்பது என் மருமகள் ஜயலக்ஷ்மி. தாயில்லாப் பெண் என்பதால் பிரசவம் எங்கள் வீட்டில்தான். என் மகன் வெங்கட்ரமணனுக்குப் பம்பாயில் வங்கி வேலை. பெண் குழந்தை பிறந்து ஒரு மாதத்தில் ஜயா தூங்குவதை விட்டாள். குழந்தையை மாற்றிக் கொண்டுவந்துவிட்டார்கள் என்றாள். குழாயைத் திறந்தால் தண்ணீர் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது என்றாள். பார்வதி என்னைக் கேட்காமலே அவளை டாக்டர் சாலோமியிடம் அழைத்துப் போனாள். கடற்கரைப் பக்கத்துப் பெண். எம்.டி. படித்த மிதப்பு பேச்சில் தெரியும். எனக்கென்று சொல்லி அனுப்பியிருந்தாள்:

“சார்வாள்ட்ட சொல்லுங்கம்மா, இது பேயும் இல்ல, திமிரும் இல்ல, நோவு. ஒருநா விடாம குடுக்கணும். நிறுத்தணும்னா நான் சொல்லித்தான் நிறுத்தணும். அதுவரைக்கும் பாப்பாவுக்குப் புட்டிப்பால் போதும்.”

தமிழ் கற்பித்த எனக்கு நோய்க்கும் திமிருக்கும் வித்தியாசம் சொல்லி அனுப்புகிறாள். போகட்டும்.

மாத்திரை சாப்பிட்டு ஜயா தேறினாள். நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். தூங்கினாள், குழந்தையைக் கொஞ்சினாள், ஒருநாள் கஞ்சி போட்டு விறைத்த என் வேட்டியைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள். தேறியதுதான் சிக்கல். தேறாமல் இருந்திருந்தால் டாக்டரைத் திட்டி மாத்திரையை நிறுத்தியிருக்கலாம். எல்லோருக்கும் சௌகரியம்.

இதற்குள் பேட்டைப் பேச்சு கேசட்டாகிப் பஸ் ஸ்டாண்டில் விற்றது. டீக்கடைகளில் என் வீட்டு வாசற்படி ஓடிக்கொண்டிருந்தது. கேசட்டைத் திருத்த முடியாது. வீட்டைத் திருத்தலாம்.

டாக்டர் கேப்சூல்களைக் கண்ணாடிக் குப்பியில் போட்டுக் கொடுத்திருந்தாள். அவற்றின் மூடி, பேனா மூடி போலக் கழன்றுவரும். பூஜை முடிந்த கையோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே இருந்ததைத் துளசி மாடத்தில் கொட்டிவிட்டு, குழந்தையின் பால் மாவை அடைத்தேன். சத்துள்ள பொருள். யாருக்கும் கெடுதல் இல்லை. பார்வதி வேளை தவறாமல் வெந்நீருடன் கொடுத்தாள். புதுக்குப்பி வந்தால் அதற்கும் அப்படியே. அவளுக்கு இதில் சம்பந்தமில்லை. அவளுக்குத் தெரிந்தால் ரகசியம் ஆற்றுக்கு அக்கரை போய்ச் சேர்ந்திருக்கும்.

அதன் பிறகு நான் மேடையில் சொன்னது பொய்யில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சில வாரங்களில் ஜயா பழையபடி விழித்துக்கொண்டிருக்க ஆரம்பித்தாள். என்னை அப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

“அப்பா, முன்ன மாத்திரை போட்டுண்டா சத்தம் அடங்கிடும். இப்போ அடங்க மாட்டேங்கறது. டாக்டர் வேற மாத்திரை மாத்திட்டாளோ?”

“மாத்திரை அதேதான். நீதான் மனதைத் திடமாக வைத்துக்கொள்ள வேண்டும்.”

“வச்சுண்டுதான் இருக்கேன்பா.”

“இன்னும் கொஞ்சம்.”

டாக்டரிடம் போக வேண்டும் என்று பார்வதி நச்சரித்தாள். அம்பாசமுத்திரம் பட்டிமன்றம் முடியட்டும் என்றேன். அங்கும் அதே தலைப்பு. கூட்டம் இரட்டிப்பாக வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

அன்று காலை நான் நிலைக்கண்ணாடி முன் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். ஜயா குழந்தையைக் கொண்டுவந்து என் கட்டிலில் கிடத்தினாள்.

“இவளைப் பாத்துக்கோங்கோப்பா. நான் ஆத்தங்கரை வரைக்கும் போயிட்டு வரேன். கூப்பிட்டுண்டே இருக்கு.”

யார் கூப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் பேச்சில் ஓர் இடம் சரியாக உட்காரவில்லை, அதிலேயே இருந்தேன். போய்விட்டு வா என்றேன். படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் இறங்கித் தேடினார்கள். குறுக்குத்துறைக்குக் கீழே உடலை எடுத்தார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். குழந்தையைக் கட்டிலில் விட்டுவிட்டுத்தான் போனாள். மாத்திரையின் உதவி சிறிதும் இல்லாமல் தாயுள்ளம் வேலை செய்திருக்கிறது. இதை மேடையில் சொல்ல முடியாமல் போனதில் எனக்கு வருத்தம்.

அம்பாசமுத்திரத்தைத் தள்ளிவைத்தார்கள். காரியங்கள் முடிந்த பின் போனேன். “மாத்திரை தின்ற மருமகளை ஆற்றுக்குக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறேன்” என்று தொடங்கினேன். வாசற்படி வாக்கியத்துக்கு இது முரண் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். மறுநாள் சில இளைஞர்கள் வண்ணார்பேட்டைக்குப் போய் டாக்டர் சாலோமியின் போர்டை உடைத்தார்கள். நான் உடைக்கச் சொல்லவில்லை. ‘இன்னுமா அந்தப் பலகை தொங்குகிறது’ என்று கேட்டேன், அவ்வளவுதான். அவள் ஆஸ்பத்திரியைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டாளாம். அவளிடம் வந்துகொண்டிருந்தவர்களுக்கு வேறு டாக்டர் கிடைத்திருப்பார்.

மருந்து கொடுத்துக் கொன்றாள் என்று அவள் மேல் உங்கள் ஸ்டேஷனில் புகார் கொடுத்ததும் நான்தான். எரிப்பதற்கு முன் உடலைச் சோதிக்க வேண்டும் என்று வற்புறுத்தியதும் நான்தான். இப்போது நீங்கள் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்திருக்கிறீர்கள், அவள் உடலில் அந்த மருந்தின் சுவடே இல்லை என்று. இருக்காது. அதைத்தான் இவ்வளவு நேரமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்ஸ்பெக்டர் ஹபீப் முகம்மது, நீங்கள் மரியாதையான மனிதர். மேஜையைத் தட்டவில்லை.

“சார்வாள், ஒண்ணு மட்டும் சொல்லுங்க. தெரிஞ்சேதான செஞ்சிருக்கிய. பெத்த மவ மாதிரி இருந்த பிள்ளைலா. அந்த மாத்திரை மேல ஒங்களுக்கு அப்படி என்ன வெறுப்பு?”

ஏட்டையா, கடைசியில் இதை எழுதிக்கொள்ளும். செய்தது நான். மாத்திரை மேல் எனக்கு வெறுப்பு ஒன்றும் கிடையாது. பேட்டைக்கு நான் தயாரித்துக்கொண்டு போனதே மாத்திரை வேண்டும் என்ற அணிக்கான பேச்சுதான். மனத்திட அணிக்குத் தலைமை தாங்க வேண்டிய கோவில்பட்டிக்காரருக்கு அன்று வயிற்றுப்போக்கு.