கணவாய் ஓட்டில் ஒரு கால்

— இதாலை ஒரு மீன்முள்ளுக்கூடப் பிடுங்கேலாது. இதைத்தானோ மன்னாரிலையிருந்து எடுப்பிச்சனீங்கள்?

— குறடு, பிரான்சிஸ்கா. நெருப்புக்குள்ள கிடக்கிற, வெள்ளி உருக்கிற மூசையைத் தூக்க வேணுமெல்லே.

— குறடெண்டு எனக்கும் கண் தெரியுது. பிடியிலை சிவப்பு றப்பர் போட்டிருக்கே, அது என்னத்துக்கு?

— கரண்ட் அடியாமல் இருக்க.

— இந்த ஊரிலை கரண்டைக் கண்டது ஆர்? வலன்ரைன் பிறந்து வளந்து மீசையும் முளைச்சிட்டுது, அவன் ஒரு பல்ப் எரிஞ்சு பாத்ததில்லை. அந்த ஊருக்கு அவன்ர அப்பர் கரண்டுக் குறடு எடுப்பிக்கிறார். வெள்ளி உருகிற நெருப்பிலை முதல் உருகிறது உந்தப் பிடிதான். நாளைக்குத் திருநாளிலை கருகின றப்பரைத்தான் அந்தோனியாருக்கு வைக்கவேணும்.

— நான் குறடு எண்டுதான் சொல்லிவிட்டனான். உன்ர கொண்ணர் அமிர்தநாயகம், கடையிலை கண்டதைத் தூக்கிக்கொண்டு வந்தால் நான் என்ன செய்ய?

— அண்ணையை இழுக்காதைங்கோ. உயிலங்குளத்து ஆமிச் சென்றியாலை ஒரு ஊசி கொண்டுவாறதே பெரிய பாடு. என்ன குறடு, எவ்வளவு நீட்டம் எண்டு சொல்லிவிட ஒரு வாய் வேணும். உங்கட வாய் சுருட்டுக்குத்தானே திறக்கும்.

— சரியப்பா. றப்பரை வெட்டி எறிஞ்சால் உள்ளுக்கை இரும்புதானே.

— நீட்டம் காணாது, கை வெந்துபோம். வள்ளம் கட்டிற யாகப்பரிட்டை நீட்டுக் குறடு கிடக்கு, ஆணி காய்ச்சேக்க பிடிக்கிறது. போய் வாங்கிக்கொண்டு வாங்கோ.

— அவர் என்னத்துக்கெண்டு கேப்பார்.

— கேட்டால் சொல்லுங்கோ. மகன்ர காலுக்கு வைச்ச நேர்த்தி, வெள்ளியிலை கால் வாக்கப்போறமெண்டு. களவோ எடுக்கிறம்?

— பிறகு போறன். முதல் இதைப் பார். அந்த மூசையின்ர விளிம்பிலை ஒரு வெடிப்பு. அதை விட்டிட்டு இந்த அகப்பையிலை உருக்குவமே?

— எது, வலைக்கு ஈயக்குண்டு வாக்கிற அகப்பையோ?

— ஓம். எத்தினை குண்டு வாத்திருப்பன் இதிலை. வெள்ளியும் அப்பிடித்தான். கொஞ்சம் கூட நேரம் நெருப்பிலை கிடக்க வேணும், அவ்வளவுதான்.

— நகை செய்யிறவங்கள் உங்களிட்டை வந்து படிக்கவேணும். அகப்பையின்ர அடியைச் சுரண்டிப் பாருங்கோ. எப்பவோ வாத்த ஈயம் தோல் மாதிரி ஒட்டிக்கொண்டு கிடக்கு. அதிலை ஒரு பொட்டு வெள்ளியிலை கலந்தாலே போதும், கால் பாண்கோது மாதிரி உடையும். பீடத்திலை வைக்கேக்க பாதம் தனிய என்ர கையிலை வரும்.

— உதெல்லாம் ஆர் உனக்குச் சொன்னது?

— நகை செய்யிற தங்கையாப் பத்தற்றை மனிசி. இந்தியாவுக்கு வள்ளம் ஏற முந்தி நான் போய் எல்லாம் கேட்டு வைச்சனான். ஊரிலை இருந்த ஒரு பத்தரும் போறார், இனி ஆரிட்டைப் போய் நிக்கிறதெண்டு எனக்கு அப்பவே தெரியும். மூசைக்குள்ள வெண்காரத்தைப் போட்டு முதல் ஒருக்காச் சூடாக்கினால் உந்த மயிர்வெடிப்பை அது மூடும். வெண்காரம் வந்ததோ?

— இந்தா, கடதாசிச் சரையிலை கிடக்கு. கொஞ்சம் குறைஞ்சுபோச்சு.

— ஏன், அதையும் கொட்டினனீங்களோ?

— நான் கொட்டேல்லை. சென்றியிலை ஆமிக்காரன் வெள்ளைத் தூளைக் கண்டிட்டு, குண்டுமருந்தெண்டு துவக்கைத் தூக்கினவனாம். மச்சானுக்குச் சிங்களமும் வராது. நாக்கை நீட்டிக்கொண்டு 'பபாட்ட, பபாட்ட' எண்டவராம், பிள்ளையின்ர வாய்ப்புண்ணுக்குப் பூசிறதாம். அவன் ஒரு கிள்ளு எடுத்து மச்சான்ர நாக்கிலையே பூசிப்போட்டு, ஆள் விழுறானோ எண்டு கனநேரம் பாத்துக்கொண்டு நிண்டிட்டுத்தான் விட்டவனாம்.

— அந்த மனிசன் மருமகனுக்காக நாக்கை நீட்டிக்கொண்டு நிக்குது. பெத்தவர் வீட்டிலை இருந்து கதையைக் கேட்டுச் சிரிக்கிறார்.

— எனக்கு மன்னார் போகப் பாஸ் கிடைக்கேல்லை எண்டு உனக்குத் தெரியும்தானே.

— நீங்கள் கேட்டால்தானே கிடைக்கிறதுக்கு. பாஸ் குடுக்கிற கந்தோர் வாசலிலை ஒரு சுருட்டுப் பத்திப்போட்டு, சனம் கூட எண்டு திரும்பி வந்த ஆள்தானே நீங்கள். சரி, காத்துக்கு என்ன வைச்சிருக்கிறியள்?

— சைக்கிள் பம்.

— நெருப்புக்கோ?

— நுனியிலை ஒரு இரும்புக் குழாயைச் செருகினால் நல்லா ஊதும்.

— துருத்தி எண்டு கேட்டால் சைக்கிள் பம். வலன்ரைன்ர காலென்ன ரியூப்பே, காத்தடிக்க?

— நீ ஒருக்கா ஊதிப் பாத்திட்டுச் சொல்லு.

— நான் ஏன் ஊதுறன்? சோளகக் காத்து உந்த அடி அடிக்குது. அடுப்பைப் பின்கதவடியிலை வைச்சு, ரெண்டு கல்லுக்கு நடுவாலை காத்தை விட்டால் அதுவே கரியைச் சிவப்பாக்கும். உங்கட பம் காணாததுக்கு உதவட்டும்.

— வெளியிலை வேண்டாம். காலமை தொடக்கம் மேலை ஆமியின்ர வேவு வண்டு சுத்திப் படமெடுத்துக்கொண்டு நிக்குது. புகையைக் கண்டிட்டுதெண்டால் பின்னாலை குண்டு போடக் கிபிர் வரும்.

— சிரட்டைக்கரிக்குப் புகை எங்க? பச்சை விறகெண்டு நினைச்சியளோ? உங்களுக்குப் பயம் வாறதுக்கு ஒரு சாட்டு வேணும், அவ்வளவுதான்.

— பயமில்லை. அவதானம்.

— ஓம், அவதானம். இயக்கத்துக்கு ஆள் பிடிக்க அவங்கள் வந்த அண்டைக்கும் அவதானமாத்தான் இருந்தனீங்கள். பெரிய கதிரையைத் துடைச்சுப் போட்டு, தேத்தண்ணிக்குச் சீனி காணுமோ எண்டு விசாரிச்சு, அவங்கள் வீட்டுக்கு ஒராள் எண்டு சொல்லச் சொல்ல 'ஓம் தம்பி, ஓம் தம்பி' எண்டு தலையாட்டினனீங்கள். பேரென்ன எண்டு கேக்கிறாங்கள், இந்த மனிசன் எழுத்துக்கூட்டிச் சொல்லுது.

— சொல்லாமல் விட்டால் அவங்களுக்குத் தெரியாதோ? நாலு வீட்டிலை கேட்டால் சொல்லுவாங்கள்.

— போன பிறகு நான் என்ன செய்யிறதெண்டு கேட்டன். என்ன சொன்னனீங்கள்? 'வரேக்க பாப்பம்.' அதைத்தானே சொன்னனீங்கள்? சொல்லிப்போட்டு வலை பொத்தப் போயிட்டியள். பக்கத்து வீட்டுக் கிறேஸின்ர மனிசனாவது படலையிலை மறிச்சு நிண்டு அடி வாங்கினவன். பெடியனைக் கொண்டுபோயிட்டாங்கள்தான். எண்டாலும் அந்த வீட்டிலை ஒரு ஆம்பிளை இருந்ததெண்டு ஊருக்குத் தெரியும்.

— அடி வாங்கி என்ன கண்டவன்? பெடியன் எங்கயெண்டு இண்டைக்கும் தெரியாது. மனிசனுக்கு ஒரு காதும் கேக்காமல் போச்சு.

— அதையும் கணக்குப் பாத்து வைச்சிருக்கிறியள்.

— விடு, பிரான்சி. இப்ப அவன்தான் காலை முறிச்சுக்கொண்டு கிடக்கிறானே. வந்து பாத்திட்டுப் போனவங்கள்தானே.

— போனவங்கள்தான். திருநாள் முடிய வந்து பாப்பம், அதுக்கிடையிலை கால் நேரா வந்திடும் எண்டிட்டுத்தானே போனவங்கள்.

— அது நேரா வராது. முறிவுக்குக் கட்டிற பரியாரி வைச்சுக் கட்டினதே கோணல். வள்ளத்தைக் கரையேத்தேக்க கண்ணைப் பிடரியிலை வைச்சுக்கொண்டு நிண்டால் அப்பிடித்தான். சின்னப் பெடியன் மாதிரி, வள்ளத்துக்குக் கீழை போட்ட உருளை வழுக்கினால் விலகத் தெரியாது. என்ர கொப்பருக்கும் எனக்கும் ஒருநாளும் வள்ளம் காலிலை ஏறினதில்லை.

— கிடக்கிற பிள்ளையை நொட்டை சொல்லுறதுக்கு மட்டும் உங்களுக்கு வாய் வருகுது. கிறேஸ் என்ன கதைச்சுத் திரியிறாள் எண்டு தெரியுமோ? அவன் வேணுமெண்டே காலைக் குடுத்தவனாம். என்ர பிள்ளை பயந்தவனாம்.

— அவள் பிள்ளையைக் குடுத்தவள். கதைப்பாள்தானே.

— நீங்கள் திருப்பி ஒண்டும் சொல்லேல்லையோ?

— என்ன சொல்லுறது?

— அதுவும் சரி. உங்களிட்டைக் கேட்டது என்ர பிழை. அந்தச் சிமிழை எடுங்கோ, வெள்ளியை ஒருக்காப் பாப்பம்.

— இதென்ன, வலன்ரைன்ர அரைஞாணெல்லே? ஞானஸ்நானத்துக்குப் போட்டது. இதையோ உருக்கப்போறாய்?

— வேறை என்ன வெள்ளி இருக்கு இந்த வீட்டிலை?

— மச்சானிட்டைச் சொல்லியிருந்தால் மன்னாரிலை கடையிலை விக்கிற தகட்டுக் கால் ஒண்டு வாங்கி வந்திருப்பாரே. எல்லாரும் அதைத்தானே வைக்கிறவை.

— அது அச்சிலை அடிச்ச கால். ஆற்றை காலுமில்லை. நான் இதிலை வாத்துத் தாறன் எண்டுதான் சொன்னனான். சொன்னதை மாத்தினால் அந்தோனியார் தந்ததைத் திருப்பி எடுத்துப்போடுவார். வெள்ளி வாக்கிற அச்சுக்குக் கணவாய் ஓட்டைக் கொண்டுவாங்கோ.

— இந்தா. கரையிலை பொறுக்கினதிலை பெரிசாப் பாத்து எடுத்தனான். ரெண்டையும் கல்லிலை தேச்சு மட்டமாக்கி, ஒண்டிலை காலையும் வெட்டிப்போட்டன்.

— காஞ்சதோ? ஈரமிருந்தால் ஊத்தேக்க வெள்ளி முகத்துக்குப் பாயும்.

— பங்குனி தொடக்கம் கூரையிலை கிடந்தது. நகத்தாலை கீறிப் பார், மா மாதிரிக் கொட்டும்.

— ம். ஊத்த வாயும் வெட்டியிருக்கிறியள், காத்துப் போக வழியும் விட்டிருக்கிறியள். தப்பித் தவறி ஒண்டைச் சரியாச் செய்திருக்கிறியள் எண்டு சொல்ல வந்தன். அதுக்கிடையிலை கண்டிட்டன். இது எந்தக் கால்?

— இடது. அவனுக்கு இடதுதானே.

— ஓட்டிலை இடது வெட்டினால் வெள்ளியிலை வலது வரும். கண்ணாடியிலை ஒருநாளும் முகம் பாத்ததில்லையோ? ஓம், எப்பிடிப் பாப்பியள், பாக்கிறதுக்கும் ஒரு துணிவு வேணும்.

— சரி, மற்ற ஓட்டிலை மாத்தி வெட்டுறன்.

— நீங்கள் வெட்டினது காணும். கத்தியை இஞ்ச தாங்கோ.

— கவனம், பஞ்சு மாதிரி. அமத்தினால் உடைஞ்சுபோம்.

— எனக்குக் கணவாய் ஓடு காட்டுறியளோ? தள்ளி நில்லுங்கோ, வெளிச்சம் மறைக்குது. என்ன பாக்கிறியள்?

— நீ என்ன வெட்டுறாய்? கால் வளையுது.

— அவன்ர கால் வளைஞ்சுதானே கிடக்கு.

— கிடக்கிறதை ஆர் வைக்கிறது? கேட்ட வரத்தையெல்லே வைக்கிறது. கண்ணுக்கு நேந்தவள் குருட்டுக் கண்ணையோ வைக்கிறாள்? எடித் பிள்ளைவரம் கேட்டு வெள்ளியிலை தொட்டில் வைச்சவள், வெறும் வயித்தையோ வைச்சவள்? நேரா வெட்டு. சனம் சிரிக்கும்.

— சிரிக்கட்டும்.

— வேண்டாம், பிரான்சி. அந்தக் கோணலை விடிஞ்சால் பொழுதுபட்டால் முற்றத்திலை பாக்கிறன். கோயிலிலை வெள்ளியிலையும் பாக்கவேணுமோ நான்?

— உங்களை ஆர் பாக்கச் சொன்னது? கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கோ, பழக்கம்தானே.

— அதோடை நேர்த்தியெண்டால் சுகம் வந்த பிறகுதானே கட்டிறது. சுகமே வரேல்லை. என்ன அவசரம் உனக்கு, நாளைக்கே வைக்கவேணுமெண்டு? கேக்கிறனெல்லே?

— நானும் கேட்ட வரத்தைத்தான் வைக்கிறன்.

— என்ன கேட்டனீ?

— அவங்கள் பேரை எழுதிக்கொண்டு போன அண்டைக்கு, நீங்கள் வலை பொத்தப் போன பிறகு, நான் கோயிலுக்குப் போனனான். ஒருத்தரும் இல்லை. முழங்காலிலை நிண்டு கேட்டனான். என்ர பிள்ளையின்ர காலை முறிச்சுத் தா. நடக்கலாம், ஓடேலாது, அப்பிடி ஒரு காலாக்கித் தா. அவன்ர அரைஞாணை உருக்கி உனக்கொரு கால் வாத்து வைக்கிறன் எண்டு. அடுத்த ஞாயிறு பூசைக்கு முந்தித் தந்திட்டார். சொல்லுங்கோவன். பெத்தவள் கேக்கிற வரமோ எண்டு சொல்லுங்கோ. இண்டைக்காவது வாயைத் திறவுங்கோ. நீங்கள் ஒரு சாமானுக்கும் உதவாத மனிசன் எண்டுதான் நான் சாமியிட்டைப் போனது. தகப்பன் செய்யவேண்டியதை அந்த மரச்சுருவம் செய்து தந்தது. அதுக்குத்தான் நான் கடன்காறி. உங்களுக்கு நான் ஒண்டும் தரவேண்டியதில்லை.

— கத்தியை இஞ்ச தா.

— என்னத்துக்கு? நேராக்கவோ? தரமாட்டன்.

— நேராக்கேல்லை. நீ வளைச்ச இடம் பிழை, முழங்காலுக்குக் கிட்டப் போட்டுது. அது கரண்டைக்காலுக்கு மேலை, இந்த இடம். அவன்ர கால் வள்ளத்துக்குக் கீழை வருமட்டும் பாத்துக்கொண்டு நிண்டு உருளையைத் தட்டிவிட்டவன் நான், எனக்குத் தெரியும் எங்க முறிஞ்சதெண்டு.